மூன்றாம் கியரில் ஒரு குரல்

சேகரின் முதலாண்டு நினைவான ஆட்டத்திவசம் முடிந்து, சாப்பிட வந்த சனமும் கலைந்த பிறகு, பிற்பகல் மூன்று மணிபோல் தபோதரன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே, காட்டுக்குள் ஏறி இறங்கும் மலைப்பாதையில் ஒரு வளைவு. போன வருடம் சேகர் விழுந்து செத்த இடம். அங்கே பூ வைத்தே ஆகவேண்டும் என்று சிவப்பிரியா ஒற்றைக்காலில் நின்றாள். செத்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கட்டிய புருஷன் என்ன சொல்லி மறிப்பது?

"காரிலை போவமே, பிரியா. மழை வரப்போகுது."

"அண்ணா போன மாதிரித்தான் போகவேணும்."

ஓடும்போது ஒருவரோடு ஒருவர் கதைக்கிற சின்னக் கருவியை அவள் தன் ஹெல்மெற்றில் பூட்டியிருந்தாள். சேகருடையது, பொலிஸ் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதன் சோடி தபோதரனின் ஹெல்மெற்றில், இடது காதோரம் இருந்தது.

சேகர் மோட்டார் சைக்கிள் பழகியது நாற்பது வயதுக்கு மேல். பாவி மனுசனுக்குக் கியர் இறக்குவது மட்டும் பிடிபடவே இல்லை. வேகமாக வந்து கியரைக் கீழே போடும்போது, கிளச்சை விடுமுன் கைப்பிடியை ஒருதரம் முறுக்கி, எஞ்சினைச் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்றிவிட வேண்டும். மறந்தால் பின்சக்கரம் இறுகித் துள்ளும். நனைந்த றோட்டில் ஆளைக் கவிழ்க்க அது போதும். அதனால் ஒவ்வொரு வளைவிலும், முன்னால் போகிற தபோதரனைக் கேட்பான்: "மச்சான், இப்ப முறுக்கவோ?" இவனும் சொல்லிக்கொண்டே போவான்.

அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. முதல்நாள் பிறந்தநாள் விழா ஒன்றில், தபோதரன் லைசென்ஸ் சோதனையில் மூன்றுதரம் பெயில் விட்ட கதையைச் சேகர் சபைக்கே சொல்லிச் சிரித்திருந்தான். வீம்பு பிடித்தவனுக்கு அது பொறுக்குமா? வளைவு கிட்ட வந்ததும் காதோரப் பொத்தானை அமத்தி அவன் குரலை நிறுத்திவிட்டான். ஒரு பகிடிக்கு ஓர் உயிர்! பொலிசுக்கும் மனைவிக்கும் சொன்னது வேறு: பற்றரி இறங்கிவிட்டதாம். அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அவன் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பாதை ஏறியது. இருபக்கமும் மரங்கள் நெருங்கி வெளிச்சத்தைக் குறைத்தன. நனைந்த சருகின் மணம். பின்னால் பிரியா அவன் இடுப்பைப் பிடித்தபடி இருந்தாள்.

காதுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிரியாவின் மூச்சு இல்லை. கனத்த, ஆண் மூச்சு.

"மச்சான், மூண்டிலை வாறன். இப்ப முறுக்கவோ?"

சேகரின் குரல். இடுப்பைப் பிடித்திருந்த பிரியாவின் கைகள் இறுகின. அவளுக்கும் கேட்டுவிட்டது.

"மச்சான்? கேக்குதோ?"

வளைவு தெரிந்தது.

ஒரு 'ஓம்' சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் அவனுக்கு வாய் வரவில்லை. இடது கை தானாக எழுந்து காதோரப் பொத்தானை அமத்தியது.

குரல் நின்றது.

வளைவு கடந்து வண்டி நின்றதும் அவள் இறங்கினாள். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அமத்தினீங்களோ?"

"பிரியா, அது…"

"பற்றரி இல்லையெண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினீங்கள்."

அவள் பூவை மரத்தடியில் வைத்தாள். பிறகு தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். கண்ணீர் வழிந்தது.

"ஓம் அண்ணா. முறுக்குங்கோ," என்றாள் மெதுவாக. "இப்ப கிளச்சை விடுங்கோ."

வளைவுக்கு மேலே ஓர் எஞ்சின் உறுமியது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. துள்ளல் இல்லை, கிறீச்சிடல் இல்லை. காற்று இருவரையும் உரசிக்கொண்டு போனது. பெற்றோல் மணந்தது.

றோட்டில் யாரும் இல்லை.

தபோதரன் பொத்தானை மறுபடி அமத்தினான். பச்சை வெளிச்சம் எரிந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஏறு பிரியா. வீட்டை போவம்."

அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கீழே இறங்கும் பாதையில் நடந்தாள். "வாறன் அண்ணா, நில்லுங்கோ," என்று சொல்லிக்கொண்டே வளைவில் மறைந்தாள். அங்கே எஞ்சின் ஒன்று நின்றபடியே ஓடும் சத்தம் கேட்டது. ஒருதரம் உறுமிவிட்டுத் தூரமாகிப் போயிற்று.

விழுந்தடித்து ஓடினான். ஈரச் சருகுகளின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் தடம் கீழே போயிருந்தது. பிரியாவின் காலடிகள் அதன் பக்கத்தில் வந்து, அதோடு நின்றிருந்தன.