செத்தவன் ஜாக்கெட் விற்பனைக்கு!

ஆயிரத்து இருநூற்று நாற்பது லெவா!

கென்ச்சோ மத்தேவ் நெவேனாவுக்குத் தர வேண்டிய பாக்கி அது.

அந்தத் தொகையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அலறியது.

"நெவேனா! இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி. ஞாபகம் இருக்கா?"

கராஜ் சொந்தக்காரர் ஜெல்யோ.

"இருக்கு அண்ணே..."

"ஆறு மாச வாடகை. ஆயிரத்து இருநூறு. வரலேன்னா பூட்டை உடைச்சு உன் மூட்டையெல்லாம் ரோட்டுல கொட்டி கிலோ கணக்குல வித்துடுவேன். நீ வாங்கின மாதிரியே!"

டொக். வைத்துவிட்டார்.

நெவேனாவின் பிழைப்பே அந்தக் கராஜுக்குள்தான் இருந்தது.

ஸ்லிவென் நகரத்துப் பழைய துணிக்கடைகளில் திங்கட்கிழமை புது மூட்டை பிரிப்பார்கள். அன்று விலை கொதிக்கும். பிறகு நாளுக்கு நாள் இறங்கி, சனிக்கிழமை கிலோ மூன்று லெவாவுக்கு வந்து நிற்கும். அந்தச் சனிக்கிழமைதான் நெவேனாவின் நாள். ஊர் கழித்துப் போட்ட குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவாள். நல்ல கம்பளி, நல்ல தோல், நல்ல தையல் எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. வீட்டுக்குக் கொண்டு வந்து துவைத்து, கிழிசல் தைத்து, பொத்தான் வைத்து, படம் எடுத்து நெட்டில் விற்பாள்.

பெரிய சரக்கை மட்டும் கென்ச்சோவிடம் கொடுப்பாள். அவன் போன் முன்னால் நின்று லைவ் போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். வாய் அப்படி! விற்ற காசில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

அவள் பாதி வரவே இல்லை.

கேட்டபோதெல்லாம் ஒரே மெசேஜ். 'நாளைக்கு, அக்கா...'

போன வாரத்தோடு அதுவும் நின்றது.

"கிளம்புடீ!" என்றாள், பக்கத்தில் இருந்த ஸ்தோய்காவிடம். ஸ்தோய்காவுக்கும் இதே தொழில். அவளுக்கும் கென்ச்சோ பாக்கி. "இன்னிக்கு அவன் சட்டையப் பிடிச்சு உலுக்கலேன்னா நான் நெவேனா இல்ல!"

ஸ்தோய்காவின் ஓட்டைக் கார் கென்ச்சோவின் அடுக்குமாடிக் குடியிருப்பு முன் நின்றது.

நெவேனா புயலாக இறங்கினாள்.

நுழைவாயில் கதவருகே அப்படியே நின்றாள்!

கதவில் கறுப்பு ரிப்பன். அதன் கீழே கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். அதில்...

கென்ச்சோ சிரித்துக்கொண்டிருந்தான்!

'எங்கள் அன்புக் கென்ச்சோ எங்களைப் பிரிந்து இன்றோடு நாற்பது நாட்கள்...'

"ஐயோ..." ஸ்தோய்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "செத்தவன்கிட்ட எப்படிடீ பாக்கி கேக்கறது?"

நெவேனா படியேறத் தொடங்கினாள்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே கென்ச்சோவின் மனைவி இஸ்க்ரா தலை முதல் கால் வரை கறுப்பில் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டு பேர். செத்தவர் நினைவாகக் கொடுக்கும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் போட்டு நீட்டினாள் இஸ்க்ரா.

"கடவுள் அவர மன்னிக்கட்டும்..." எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

"எப்படி ஆச்சு?" என்றாள் நெவேனா.

"சரக்கு எடுக்க ஜெர்மனி போனாரு அக்கா... நெஞ்சுவலி. அங்கயே புதைச்சாச்சு. கொண்டு வர காசில்ல..."

"போன வாரம் வரைக்கும் எனக்கு மெசேஜ் வந்துச்சே?"

"நான்தான் போட்டேன். சொல்ல மனசு வரல..."

இஸ்க்ராவின் கன்னத்தில் நிஜக் கண்ணீர் வழிந்தது.

நெவேனா கோதுமையை விழுங்கினாள். கேள்வியையும் சேர்த்து விழுங்கினாள். இனி இந்த வீட்டில் வாயைத் திறந்து பணம் கேட்டால் அவள் மனுஷியே இல்லை.

கீழே வந்தார்கள்.

போகிற போக்கில் இன்னொரு முறை அந்த நோட்டீஸைப் பார்த்தாள். பார்த்தவள்... மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள்.

"ஸ்தோய்கா!"

"என்னடீ?"

"அவன் போட்டிருக்கிற ஸ்வெட்டரைப் பாரு. மேல் பொத்தானைப் பாரு!"

நான்கு பொத்தான்கள் உருண்டையாக, வெறுமையாக இருந்தன. மேலே இருந்ததில் மட்டும் கப்பல் நங்கூரம்!

"இது நான் தெச்ச பொத்தான்! ஜோடிப் பொத்தான் கிடைக்காம, ஒரு மாலுமிச் சட்டையில இருந்து அறுத்து வெச்சேன். இந்த ஸ்வெட்டரை நான் இவனுக்கு அனுப்பி மூணு வாரந்தான்டீ ஆவுது!"

ஸ்தோய்கா விரல் விட்டு எண்ணினாள். வாய் பிளந்தாள்.

"அப்போ... செத்து நாப்பது நாள் ஆனவன்..."

"மூணு வாரத்துக்குள்ள எழுந்து வந்து என் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு போட்டோ புடிச்சிருக்கான்! விக்கறதுக்குக் குடுத்த சரக்குடீ! அதைப் போட்டுக்கிட்டு சாவுக்கு போஸ் குடுத்திருக்கான் திருட்டுப்பய!"

 

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். இன்ஸ்பெக்டர் போனெவ் எடுத்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக் கொட்டாவி விட்டார்.

"சரிம்மா. உயிரோட இருக்கிறவன் தனக்குத்தானே கண்ணீர் அஞ்சலி ஒட்டிக்கிட்டான். அதுக்கு?"

"அது குத்தம் இல்லையா சார்?"

"ரசனை கெட்ட வேலை. காகிதம் ஒட்டினதுக்கெல்லாம் நான் கைவிலங்கு எடுத்துட்டு வர முடியாது. ஆளைக் காட்டு. வரேன்."

"காட்டறேன் சார்..." நெவேனா போனை வைத்தாள். "காட்டறேன்!"

திரும்ப மாடி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அவள் செருப்பு அறைந்தது.

"என்ன பண்ணப் போறே?" ஸ்தோய்கா மூச்சு வாங்கினாள்.

"இன்னிக்கு நாப்பதாம் நாள் இல்ல? செத்தவன் துணிமணியத் தானம் குடுக்கணும் இல்ல? குடுக்க வெக்கறேன். உயிரோட இருக்கிறவன் எத்தனை நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கான்னு பாப்போம்!"

கூடத்தின் நடுவில் நின்று குரலை உயர்த்தினாள்.

"இஸ்க்ரா! அவர் துணியை இன்னும் குடுக்கலையா?"

இஸ்க்ராவின் முகம் வெளுத்தது. "அ... அப்புறம்..."

"அப்புறமா? நாப்பது தாண்டிட்டா பாவம்மா!"

"ஆமாம்மா," என்றாள் எதிர்வீட்டுக்காரி உடனே. "குடுக்கலேன்னா அந்த உலகத்துல துணியில்லாம நிப்பாரு."

ஊர் வாயை எதிர்க்க முடியுமா? இஸ்க்ரா தலை குனிந்தாள்.

நெவேனா கூடத்து அலமாரியைத் திறந்தாள். கோட்டு, சூட்டு, ஷூ... ஒவ்வொன்றாக உருவி, மூடியிருந்த படுக்கையறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"இந்தத் தோல் ஜாக்கெட்! இத்தாலி சரக்கு! கடையில ஆயிரத்து ஐநூறு! ஏழைக்குத் தானம்!"

படுக்கையறையில் சத்தமே இல்லை.

"இந்த ஷூ! இன்னும் தரையையே பார்க்கல! தானம்!"

மூச். ஒரு முனகல்கூட இல்லை!

'என்ன நெஞ்சழுத்தம்! ஜாக்கெட்டே போகுது, வாயத் திறக்கிறானா பாரு!'

பெண்கள் ஆளுக்கு ஒரு பை எடுத்துக்கொண்டார்கள். தோல் ஜாக்கெட் இருந்த மூட்டையை நெவேனாவிடமே கொடுத்துக் கும்பிட்டாள் இஸ்க்ரா. "எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா. போதும்..." ஸ்தோய்கா அதைக் காரில் வைத்துவிட்டு வந்தாள்.

நெவேனா போகவில்லை. படுக்கையறைக் கதவை உலுக்கினாள்.

பூட்டியிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்ல!" இஸ்க்ரா குறுக்கே பாய்ந்தாள்.

அவ்வளவுதான். நெவேனாவுக்குள் எதுவோ அறுந்தது. சனிக்கிழமை சனிக்கிழமையாகக் குனிந்த முதுகு. சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்கள். 'நாளைக்கு, அக்கா...'

"டேய் கென்ச்சோ! வெளிய வாடா! நீ உயிரோட இருக்கேன்னு எனக்குத் தெரியும்! வரலேன்னா நானே உன்னை நிஜமாவே சாகடிச்சுடுவேன்டா!"

பெண்கள் திகைத்தார்கள். "பாவம், துக்கத்துல புத்தி பிசகிடுச்சு..."

நெவேனா தோளால் மோதினாள். ஒரு முறை... இரண்டு முறை... பூட்டு தெறித்தது!

அறை காலி. மூலையில் பெரிய அலமாரி.

"ஒளிஞ்சா விளையாடறே?"

கதவை இழுத்துத் திறந்தாள்.

தொங்கிய கோட்டுகளுக்கு நடுவில் கென்ச்சோ நின்றுகொண்டிருந்தான். நங்கூரப் பொத்தான் வைத்த அதே ஸ்வெட்டர். கண்கள் அவளையே வெறித்தன.

"மாட்டினியா!"

அவன் பதில் சொல்லவில்லை. மெல்லச் சாய்ந்தான். பலகை மாதிரி விறைப்பாக, முகம் குப்புறத் தரையில் விழுந்தான்.

டமால்!

பின்மண்டையில் காய்ந்த ரத்தம்!

"ஆ...ஆ...ஆ!"

நெவேனாவின் அலறல் ஐந்து மாடிக்கும் கேட்டது.

அடுத்த நொடி, அதைவிடப் பெரிதாக இன்னொரு அலறல்.

"கொன்னுட்டா! என் புருஷனக் கொன்னுட்டா!" இஸ்க்ராவின் விரல் நெவேனாவை நோக்கி நீண்டது. "எல்லாரும் கேட்டீங்க இல்ல? சாகடிச்சுடுவேன்னு இவ வாயால சொன்னா இல்ல?"

கேட்டிருந்தார்கள். அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்!

நெவேனாவின் இரண்டாவது போனுக்கு ஓடி வந்த இன்ஸ்பெக்டர் போனெவ் இந்த முறை கொட்டாவி விடவில்லை.

"எவ்வளவு பாக்கி?"

"ஆயிரத்து... இருநூத்தி நாப்பது சார்."

"சாகடிச்சுடுவேன்னு கத்தினியா?"

"கத்தினேன்... ஆனா..."

"கதவை உடைச்சது யாரு?"

"நான்தான்..."

"இதுக்கும் கம்மியான பணத்துக்குக் கொலை பாத்திருக்கேன்மா," என்றார் போனெவ்.

நெவேனாவுக்குக் கராஜ், வாடகை, மூட்டை எல்லாம் கண்ணில் மறைந்தது. ஜெயில்தான் தெரிந்தது.

போனெவ் குனிந்து பிணத்தின் கையைத் தூக்கிப் பார்த்தார். கை மடங்கவில்லை.

நிமிர்ந்தார்.

"நீ கதவை உடைச்சு எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பதான் சார்! நான் மறுபடி போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி! இவங்க எல்லாம் கூடவே இருந்தாங்க!"

"ஆளு விறைச்சுக் கட்டையா கிடக்கான். உயிர் போனது விடியக்காலையில." அவர் பார்வை இஸ்க்ரா பக்கம் திரும்பியது. "பூட்டியிருந்த கதவோட சாவி யார்கிட்ட இருக்கு?"

கறுப்பு உடையின் பையை இறுக்கிப் பிடித்திருந்த இஸ்க்ராவின் கை பதில் சொல்லியது.

அழுகை நின்றது. அவள் சிரித்தாள். கேட்கவே பயமாக இருந்தது.

"அந்த நோட்டீஸ ஊர் பூரா ஒட்டினவ நான் சார்! பசையும் பக்கெட்டுமா கம்பம் கம்பமா அலைஞ்சேன். கறுப்பு உடுத்தச் சொன்னான், உடுத்தினேன். அழச் சொன்னான், அழுதேன். கடன்காரங்க கையக் கழுவிட்டுப் போனதும் ரெண்டு பேரும் இத்தாலி போயிடலாம்னான்..."

"அப்புறம்?"

"நேத்து ராத்திரி டிக்கெட்டப் பாத்தேன். ரெண்டு டிக்கெட் இருந்துச்சு. ரெண்டாவதுல என் பேர் இல்ல! காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, 'செத்தவன் எப்படி இருக்கேன்?'னு கேட்டான். கையில இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு..."

பையிலிருந்த சாவியை எடுத்துத் தரையில் போட்டாள் இஸ்க்ரா.

"ஊருக்கு அவன் செத்து நாப்பது நாள் ஆச்சு சார். இன்னொரு தடவை செத்தா யாரு தேடப் போறாங்கன்னு நெனச்சேன்!"

கைவிலங்கு மாட்டும்போது நெவேனாவின் அருகில் ஒரு கணம் நின்றாள். "உன் மேல பழி போட்டதுக்கு மன்னிச்சுக்க அக்கா. ஆனா... உனக்கு வந்த அதே கோவம்தான் எனக்கும் வந்துச்சு."

நெவேனாவால் அவளைத் திட்ட முடியவில்லை. தரையில் கிடந்தவனைத்தான் மனசுக்குள் திட்டினாள். செத்த பிறகும்!

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி கிடைத்தது. நிறைய பணம்!

"என் பாக்கி சார்..."

"ஆதாரம்மா இது. தொடக்கூடாது. கோர்ட்டு முடியட்டும். வருஷக்கணக்காகும்." போனெவ் நோட்டை மூடினார். "அது போகட்டும். இவன் துணியெல்லாம் கீழே கார்ல இருக்காமே?"

நெவேனா சட்டென்று நிமிர்ந்தாள்.

"தானம் சார். நாப்பதாம் நாள் தானம். பொணம் கிடைக்கறதுக்கு முன்னாடி, இத்தனை பேர் முன்னால, அவளே குடுத்தா."

"செத்தே ஒரு நாள் ஆகலியேம்மா?"

"நோட்டீஸ்படி ஆயிடுச்சே சார்!"

போனெவ் கீழே போய் மூட்டையைத் துருவிப் பார்த்தார். ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா செத்தப்ப எங்கம்மாவும் இப்படித்தான் எல்லாத்தையும் குடுத்தாங்க. எடுத்துட்டு ஓடு, நான் மனசு மாறறதுக்குள்ள!"

மாலை ஆறு.

கராஜ் வாசலில் ஜெல்யோ பூட்டு வெட்டும் கத்தரியோடு நின்றிருந்தார்.

"பணம்?"

"பணம் இல்ல அண்ணே."

கத்தரி பூட்டில் ஏறியது.

"இது இருக்கு," என்று மூட்டையிலிருந்து உருவினாள் நெவேனா.

தோல் ஜாக்கெட். மாலை வெயிலில் பளபளத்தது. ஜெல்யோவின் கை கத்தரியை விட்டுவிட்டு ஜாக்கெட்டைத் தடவியது.

"இத்தாலியா?"

"லேபிளப் பாருங்க. கடையில ஆயிரத்து ஐநூறு. உங்களுக்கு ஆயிரத்து இருநூத்தி நாப்பது. வாடகை போக எனக்கு நாப்பது குடுங்க."

ஜெல்யோ போட்டுப் பார்த்தார். கார் கண்ணாடியில் முன்னால் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். பிறகு மனசே இல்லாமல் இரண்டு இருபது லெவா நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

நெவேனா வாங்கிக்கொண்டாள். கென்ச்சோவின் கணக்கு பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது!

நாலடி நடந்த ஜெல்யோ சந்தேகத்தோடு திரும்பினார்.

"ஏம்மா... திருட்டு சரக்கு இல்லியே? நாளைக்கே எவனாவது வந்து 'என் ஜாக்கெட்டைக் குடுடா'ன்னு நின்னா?"

நெவேனா கராஜ் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"வர மாட்டான் அண்ணே... அதுக்கு நான் கேரண்டி!"