நாலு தடவைதான்

ஓட்டோ ஆஸ்பத்திரி வீதிக்குத் திரும்பிக் குலுங்கியபோது மடியில் கிடந்த யூசுப் சின்னதாக ஓர் ஏப்பம் விட்டான். வாயோரம் பால் வழிந்தது. வெள்ளையாக, இளஞ்சூடாக, இப்போதுதான் குடித்துவிட்டுப் படுத்தவன்போல. பஹ்மிதா முக்காட்டு நுனியால் அதை அவசரமாகத் துடைத்தாள். பிள்ளை பால் கக்குவதும் தாய் துடைப்பதும் உலகத்தில் நடக்காத காரியமா என்ன? ஆனால் அந்தப் பிள்ளை நாள்கணக்காக அவளிடம் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"பால் கூடிப்போச்சு பிள்ளை. கொஞ்சம் ஆறுதலாக் குடு," என்றார் பக்கத்தில் இருந்த மாமி. "எங்கடை வீட்டுக்கு வந்த பொம்பிளையளுக்குப் பால் குறைஞ்சதெண்ட கதையே இல்லை." கடைசி வசனம் ஓட்டோக்காரருக்காகச் சொன்னது. அவரும் நல்ல மனிதர், தலையாட்டி வைத்தார்.

பஹ்மிதாவுக்குப் பால் இல்லை. இருபத்தெட்டு நாளாக இல்லை. மாமி பால்சுறா வறுத்துக் கொடுத்தார், உள்ளிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார், முருங்கையிலையை ஒரு வண்டில் நிறையத் தின்னக் கொடுத்தார். தின்றதெல்லாம் அவள் இடுப்பில்தான் ஏறியது. அறைக் கதவைச் சாத்தி, போர்வையால் மூடி, காய்ந்த மார்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு வெளியே வருவாள். பால்மாப் பேணி அலுமாரியில் பழைய உடுப்புகளுக்குக் கீழே இருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கரண்டிச் சத்தம் கேட்காமல் கரைத்து, களவெடுத்ததைப்போல ஊட்டுவாள். அவளுக்கு அப்படி வெட்கம். கணவன் அஸாமிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு யூசுப் போத்தலையும் தட்டிவிடத் தொடங்கினான். ஒன்பது நாளாயிற்று. பேணியில் மா ஒரு விரல்கூட இறங்கவில்லை. பிள்ளை அழவில்லை, மெலியவில்லை. தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. உள்ளே போய்த் திரும்பி வரும் நேரத்துக்குள் தொட்டிலில் கிடப்பவனுடைய உதடு ஈரமாகிவிடும். அவளைப் பார்க்கும்போதும் அவளைப் பார்ப்பதில்லை. அவளுடைய தோளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், எதையோ பார்த்துப் பொக்கை வாயால் சிரிப்பான்.

கிளினிக்கில் பதினேழாம் நம்பர். மேலே விசிறி ஒரு பக்கம் இழுத்து இழுத்துச் சுற்ற, எங்கோ ஒரு பிள்ளை இருமி இருமி அழ, டெற்றோலும் குழந்தைப் பவுடரும் ஈரக் குடையும் கலந்து மணத்த அந்தச் சின்ன மண்டபத்தில், தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்து தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிகிற வேளையில், அந்த வாசம் வந்தது. மல்லிகை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் தலையில் பூ வைத்திருந்தார்கள்தான். அது இது அல்ல. இது கசங்கிய பூ. உடம்புச் சூட்டில் வாடி, பாலில் ஊறிப் புளித்த பூ.

அந்த வாசத்தை அவள் பிரசவ வார்ட்டில் மணந்திருக்கிறாள்.

பக்கத்துக் கட்டில் நஜ்முன்னிஸா ராத்தா. மன்னார்ப் பக்கம். பதினொரு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பிள்ளை போய்விட்டது என்று உடம்புக்கு யார் சொல்வது? பால் கட்டி, சட்டை நனைந்து, காய்ச்சல் வந்தது. பால் வற்றட்டும் என்று துப்புரவு செய்ய வந்த பெண் மல்லிகை மொட்டுக் கொண்டுவந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். அந்த முதல் இரவு யூசுப் தொண்டை கிழியக் கத்தினான். வார்ட்டே திரும்பிப் பார்த்தது. கூப்பிட்டது பஹ்மிதாதான். "ராத்தா, ஒருக்காக் குடுப்பியளா?"

நஜ்முன்னிஸா உடனே கை நீட்டவில்லை. "உங்கடை ஆக்களிட்டைக் கேட்டியளா தங்கச்சி? அஞ்சு தடவை வயிறாறக் குடிச்சா நானும் இவருக்கு உம்மா. நாளைக்கு எனக்கொரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தா, அது இவருக்குத் தங்கச்சி. கலியாணம் ஆகாது. ஒளிக்கக் கூடாது, சொல்லோணும்."

"சொல்லுவன் ராத்தா. எல்லாருக்கும் சொல்லுவன்."

நாலாம் தடவை குடித்துக்கொண்டிருந்தபோது மாமி கஞ்சிப் போத்தலோடு வந்துவிட்டார். "ஆரிவ? எங்கடை பிள்ளையை ஏன் வச்சிருக்கிறா?"

பஹ்மிதாவுக்கு முகம் எரிந்தது. "தெரியாது மாமி. நான் நித்திரை. அவதான் எடுத்திருக்கிறா."

அதற்குப் பிறகு மாமி போட்ட கூச்சலில் வார்ட்டு முழுவதும் கூடிவிட்டது. பிள்ளை செத்தவள் பிள்ளை களவெடுக்கப் பார்த்தாள் என்று கதை ஒரு நிமிடத்தில் முழு உருவம் எடுத்தது. நஜ்முன்னிஸா பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். நனைந்த சட்டையோடு பஹ்மிதாவைப் பார்த்தபடி இருந்தாள். அன்றே துண்டு வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஒன்பது நாளைக்கு முன் அஸாம் சோறு தின்றபடி சொன்னான்: "உம்மா சண்டை பிடிச்ச அந்த மன்னார்ப் பொம்பிளை மவுத்தாம். இண்டைக்கு அடக்கமாம்."

அன்றிலிருந்து பஹ்மிதா தனக்குத் தானே சொல்லிக்கொள்வது ஒன்றுதான். நாலு தடவைதான். ஐந்து ஆகவில்லை. ஆகவே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"பதினேழு."

உள்ளே தாதி றஜனி மிஸ்ஸி பிள்ளையைத் தராசில் கிடத்தினாள். முகத்தைச் சுளித்தாள். தூக்கிவிட்டு மறுபடி கிடத்தினாள். "நாலு கிலோ நூறு டொக்டர்."

டொக்டர் பராசக்தி அட்டையைப் புரட்டினார். "பிறக்கேக்கை ரண்டு நானூறு. அம்மா, ரண்டு பேற்றை பாலைக் குடிச்ச மாதிரியெல்லோ வளர்ந்திருக்கிறார்." சிரித்தார். மாமியும் சிரித்தார், தானே குடிக்கக் கொடுத்ததுபோல. "பால்மா ஏதும் குடுக்கிறியளோ?"

மாமி அவளைப் பார்த்தார்.

"இல்லை டொக்டர்."

"தாய்ப்பால் மட்டும்? நீங்கள் மட்டும்தானே குடுக்கிறது?"

மல்லிகை வாசம் அறைக்குள் வந்துவிட்டது. மேசைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. யூசுப் அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தான்.

"ஓம். நான் மட்டும்தான்."

"அப்ப ஒருக்கா வச்சுக் குடுங்கோ பாப்பம். வாய் சரியாப் பிடிக்கிறாரோ எண்டு பாக்கவேணும். உந்தத் திரைக்குப் பின்னாலை இருங்கோ, பிள்ளை பிடிச்ச உடனை நான் வந்து பாக்கிறன்."

பச்சைத் திரைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் எதிரெதிரே கிடந்தன. பஹ்மிதா ஒன்றில் இருந்தாள். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். திரைக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல், மூத்த மகளுக்கு எத்தனை பால் இருந்தது என்ற வரலாறு. பிள்ளையின் வாயை மார்பில் வைத்தாள். உதடு பட்டது. உடனே விலகியது. குளிர்ந்த தண்ணீர் பட்டதுபோல முகத்தைச் சுளித்துத் தலையை மறுபக்கம் திருப்பினான்.

எதிர்க் கதிரைப் பக்கம்.

வாயைத் திறந்தான். தேடினான்.

கதிரை முனகியது. ஓர் ஆள் வந்து ஆறுதலாக அமரும் முனகல்.

"யூசுப்," என்றாள். இப்போது சொல்லிவிடலாம். நான்தான் கேட்டேன், அவள் களவெடுக்கவில்லை. இரண்டே வசனம். ராத்தா கேட்டதும் அவ்வளவுதான், சொல்லோணும் என்றுதான் கேட்டாள். சொன்னால் போய்விடுவாள். பஹ்மிதாவுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. வசனம் நாக்கு நுனிவரை வந்தது. மாமியின் வளையல் திரைக்கு அப்பால் சிணுங்கியது. றஜனி மிஸ்ஸி கேட்பாள். டொக்டர் கேட்பார். வெளியே இருக்கும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது எல்லாரும் கேட்பார்கள்.

"என்னம்மா, குடிக்கிறாரோ?" என்றார் டொக்டர்.

கையில் பாரம் குறைந்தது.

முதலில் தலை. பிறகு முதுகு. அவள் இறுக்கினாள். விரல்களுக்கு நடுவே குளிர்ந்த, ஈரமான விரல்கள் நுழைந்தன. இழுக்கவில்லை. பறிக்கவில்லை. தன்னுடையதை வாங்குகிறவள்போல, மெதுவாக, ஒவ்வொரு விரலாக விலக்கின.

வெட்கம் முந்திக்கொண்டது.

"ஓம் டொக்டர்," என்றாள் பஹ்மிதா. "நல்லாக் குடிக்கிறார்."

அவளுடைய மடி வெறுமையாக இருந்தது. எதிர்க் கதிரைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், யூசுப் ஒன்றுமில்லாததில் சாய்ந்து கிடந்தான். கன்னம் குழிந்து குழிந்து நிரம்பியது. தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடாமல், அவள் பக்கம் ஒருமுறையும் திரும்பாமல், தனக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தபடி குடித்தான். அவனுடைய முதுகில், வெள்ளைச் சட்டைத் துணியில், நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடம் மெல்ல அமுங்கியது, எழுந்தது, மறுபடி அமுங்கியது, பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற தாளத்தில்.