மணி ஒலிக்கு வைத்த அழுத்தம்

அவள் இன்னும் கீபோர்டின் கட்டையில் விரலையே வைக்கவில்லை. ஆனாலும் ஹெட்போனுக்குள் ஒரு மணி மெல்ல ஒலித்து ஓய்ந்தது.

சன்னலைப் பஞ்சுப் பலகையால் அடைத்திருந்த அந்தச் சின்ன அறையில் பட்டப்பகலும் இருட்டுதான். சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் வலது மணிக்கட்டில் அவள் தடவியிருந்த தைலத்தின் வாடையும் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த கை. மோதிர விரலுக்கு மட்டும் இன்னும் பலம் வரவில்லை. அழுத்தச் சொன்னால் தடவிவிட்டு வந்தது. சாயங்காலம், அவள் கீபோர்டு வாசிக்கும் நாடகத்துக்கு ஒத்திகை. இன்றும் கை தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

அதனால் அவள் கீபோர்டைத் தன் கைக்கு வளைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஒலியாக எடுத்து, எவ்வளவு மெல்லத் தொட்டால் எவ்வளவு சத்தம் வர வேண்டும் என்று மாற்றினாள். பியானோவுக்குக் கொஞ்சம், வயலினுக்கு இன்னும் கொஞ்சம், கடைசிக் காட்சியின் மணி ஒலிக்கு மூச்சுப் பட்டாலே போதும் என்கிற அளவுக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தங்கை கிண்டல் செய்தாள். கூடத்தையே நிமிர்த்திவிட்டால் போயிற்று என்றாள் இவள்.

மறுபடியும் மணி. திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு துளி எழுந்து அடங்கியது. தெருவில் லாரி போன அதிர்வாக இருக்கும் என்று, மணி ஒலிக்கத் தேவையான அழுத்தத்தைச் சற்றுக் கடினமாக்கினாள். சத்தம் நின்றது. அவள் நிம்மதியாக முதுகைச் சாய்த்தபோது, நடுவிலிருந்த ஒரு கட்டை தானாகக் கீழே இறங்கியது.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இன்னும் கடினமாக்கினாள். அது இன்னும் ஓங்கி அழுத்தியது. விட்டுக்கொடுக்க அவளுக்குப் பழக்கமில்லை; மேலும் ஏற்றினாள்.

தங்கை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"கட்டைய தட்டுற சத்தம் சமையலறை வரைக்கும் கேக்குதுக்கா. கைக்கு ஆகாது, மெதுவா வாசி."

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"நீ வெளிய போ. கதவ சாத்திட்டுப் போ."

கதவு மூடியதும் அவள் பியானோ ஒலிக்கு மாற்றிப் பார்த்தாள். அவள் தொடாமலே இப்போது பியானோவும் ஒலித்தது. காலையில் ஒலிக்கவில்லையே. அப்போதுதான் புரிந்தது. அது முன்பும் தொட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மணி ஒலியை அவள் மாற்றும்வரை, அந்தத் தொடுகைக்கு ஒலிக்கும் அளவுக்கு எதுவும் மென்மையாக இல்லை. கை வைத்தியர் அவளுக்கு மெத்தென்ற பந்தில் தொடங்கி வாராவாரம் கெட்டிப் பந்தாகக் கொடுத்துப் பலம் ஏற்றினாரே, அதே பயிற்சியைத்தான் அவள் இதற்குக் கொடுத்திருக்கிறாள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவள் வளர்த்தது எதுவென்றே தெரியவில்லை.

கதவு கைக்கெட்டும் தூரம்தான். எழுந்து போயிருக்கலாம். போனால் சாயங்காலம் அவள் இடத்தில் இன்னொருத்தி.

மணி ஒலிக்குத் திரும்பி, அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள்.

"இது என் எடம். நீ எந்திரிச்சுப் போ."

இரண்டு கைகளையும் கட்டைகள் மேல் வைத்தாள்.

குளிர். வலது புறங்கையில். தோல் குழிந்தது. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. ஐந்து.

மோதிர விரல் கீழே போனது. மணி முழங்கியது. கையை இழுத்தாள். வரவில்லை. கட்டை அடியைத் தொட்ட பிறகும் அழுத்தம் நிற்கவில்லை. மணிக்கட்டில், பழைய முறிவு மெல்ல நெரிந்தது.

கண்ணில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, இடக் கையால் கடைசிக் காட்சியின் மெட்டை வாசிக்கத் தொடங்கினாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

இடது புறங்கையிலும் தோல் குழிந்தது.