படத்துக்குக் கொடுத்த நடை

அவள் நின்ற பிறகும் ஹெட்போனில் இன்னொரு காலடி விழுந்தது.

"அக்கா, நீங்க நின்னுட்டீங்கதானே?" என்றான் கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளன்.

"எதிரொலியா இருக்கும், விடு."

பஞ்சு வைத்து அடைத்த அறையில் எதிரொலி ஏது?

திரையில் நடப்பவர்களுக்குக் காலடி ஓசை கொடுப்பது அவள் பிழைப்பு. இந்தப் படத்தின் நாயகி ஒரு பாடகன்மேல் பித்தாகி, பெற்ற பிள்ளையை விட்டுப் போனவள். அவன் வெறும் பகட்டு என்று தெரிந்து, மனம் வெறுத்து வீடு திரும்புகிறாள். அந்தத் திரும்பும் நடைதான் இயக்குநருக்குத் திருப்தியாகவில்லை. விடாக்கண்டன், மாதக்கணக்கில் "இன்னொரு தடவை" என்றார். அவளும் பெயர் சொல்லும் படம் என்று, பள்ளிவிட்டு வந்து தனியே காத்திருக்கும் மகளைக்கூட மறந்து அங்கேயே கிடந்தாள். வீட்டில் போடும் செருப்பை ஒலிக்கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். இன்று அதையும் மீறி, மகள் கேட்டுப் பழகிய செருப்பிலேயே நடந்திருந்தாள்.

"இதேதாம்மா!" இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ வீட்டுக்குப் போயிட்டா."

அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அழுகையும் வரவில்லை. இதற்காகவா இத்தனை நாள் என்று மட்டும் தோன்றியது.

வெளியே சாயங்கால வெயிலில் சூடான தார் மணத்தது, பேருந்துகள் இரைந்தன, எங்கோ ஒரு கடைக்காரர் இரும்புக் கதவைக் கரகரவென்று இழுத்தார், எல்லாச் சத்தமும் கேட்டது, அவள் காலடி மட்டும் கேட்கவில்லை. ஓங்கி மிதித்தாள். சருகு நொறுங்கியது. ஓசையில்லை.

வீட்டு மாடிப்படி. மேலே யாரோ முன்னால் ஏறுகிறார்கள். இடக்காலை லேசாக இழுத்து. அவள் நடை. அவள் நின்றாள். அது நிற்கவில்லை.

"அம்மா!" மகளின் குரல். தாழ்ப்பாள் விலகும் சத்தம். "இன்னைக்காவது சீக்கிரம் வந்தியே!"

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் மகள் ஒரு கையை உயர்த்தி, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்ன விரல்கள் ஏதோ ஒரு பிடிக்குள் நசுங்கி வெளுத்திருந்தன.

"கண்ணு." வாய் அசைந்தது. குரல் எழவில்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கும் பார்வை. பிறகு பக்கத்தில் அண்ணாந்து கேட்டாள்.

"வாசல்ல யாரும்மா அது?"

காலடிகள் வாசலை நோக்கி வந்தன. உள்ளிருந்து கதவு மெல்லச் சாத்தப்பட்டது.