உப்புக் காய்த்த தோட்டம்

பூட்டு துருப்பிடித்துப் போயிருந்ததால் கல்லால் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. தட்டியவள் மலர்கொடி. ராஜவேலால் கையை ஓங்க முடியாது. ஆட்டோவில் வந்த களைப்பிலேயே அவன் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மரக்காணத்தில் ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த ஓட்டு வீடு. பின்கதவைத் திறந்தால் வானம் தொடும் வரை வெள்ளைப் பாத்திகள். ராஜவேலுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த வீடுதான். அங்கேதான் அவன் முதல் மனைவி சுலோசனாவோடு குடும்பம் நடத்தினான். ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயிலில், வீட்டுக்குப் பின்னால் இருந்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோதே அவள் சுருண்டு விழுந்து செத்துப்போனாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு குயிலாப்பாளையத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவன், ஆரோவில்லில் காய்கறித் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த மலர்கொடியை அங்கே பார்த்துக் கட்டிக்கொண்டான். சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு அவன் சிறுநீரகம் இரண்டும் கெட்டன. வேலை போயிற்று. இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

வாரத்தில் பாதி நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். உப்பு விஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராஜவேலோ மோருக்கே இன்னொரு கல் உப்பு கேட்கிறவன். உப்பில்லாத சோற்றை வாயில் வைத்ததும் அவன் முகம் சுருங்கும். இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவன் நோயால் சாவதற்கு முன் பட்டினியால் செத்துவிடுவான் என்று மலர்கொடிக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். செடியிலிருந்து பறித்த சூட்டோடு சமைத்த காய்க்கு அதற்கென்று ஒரு ருசி இருக்கும். உப்பில்லாமலும் அது தொண்டைக்குள் இறங்கும்.

வீட்டு மண்ணை நம்ப முடியாது. காய்ந்தால் வெள்ளை பூத்துவிடும். அதனால் பழைய தோட்டத்து முதலாளியம்மாவிடம் கேட்டு, ஒரு குட்டியானை வண்டியில் செம்மண் கொண்டுவந்து இறக்கினாள். சிமெண்ட் மூட்டைச் சாக்குகளில் மண்ணையும் சாணத்தையும் நிரப்பி, தரையில் படாமல் செங்கல் மேல் வரிசையாக வைத்தாள். சுரை, பீர்க்கை, கத்திரி, அவரை. தெருக்குழாயில் வருகிற குடிதண்ணீரைத்தான் சுமந்து ஊற்றினாள்.

உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஆராயி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"இங்க எதுவும் வராது மலரு. சுலோவும் ஆசையா வெச்சிப் பாத்தா. எல்லாம் கருகிப் போச்சி."

ஆனால் வந்தது. பங்குனி பிறப்பதற்குள் பந்தல் மூடிவிட்டது. கையகலச் சுரை இலைகள், ஊதா மினுங்கும் கத்திரி. அந்த வெள்ளை வெளியில் பச்சையாக இருந்தது அவள் கொல்லை ஒன்றுதான்.

முதல் சுரைக்காயைச் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு வேகவைத்துக் கொடுத்தாள். ராஜவேல் ஒரு வாய் வைத்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு குனிந்தவன் தட்டு காலியாகும் வரை நிமிரவில்லை.

"இன்னிக்குத்தான் சோறு சோறு மாதிரி இருக்குது. லேசா உப்பு போட்டியா?"

வீட்டில் உப்பே கிடையாது. அவள் சிரித்தாள். அடுப்பங்கரைக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

அன்றிலிருந்து அவன் சாப்பிட்டான். வேளைக்குக் காத்திருந்து சாப்பிட்டான். காயெல்லாம் அவனுக்கே என்று எடுத்து வைத்துவிட்டு அவள் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். கன்னத்தில் சதை பிடிப்பதாக மலர்கொடி நினைத்தாள். அது சதை இல்லை, வீக்கம். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஊறுகாய் கொடுக்கிறாயா, கருவாடு கொடுக்கிறாயா என்று கேட்டாள். மலர்கொடி தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். நர்ஸ் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய் ஒரு பிஞ்சுச் சுரைக்காயைப் பறித்துக் கடித்தாள்.

உப்பு.

சாக்கு மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். வெறும் மண். குடத்துத் தண்ணீர் இனித்தது. இலையை மென்றாள், தண்டை மென்றாள். ஒன்றும் இல்லை. காயில் மட்டும்தான். கத்திரியில் தூக்கலாக. அவரையில் அளவாக. பீர்க்கையில் பட்டும் படாமலும். ஒவ்வொரு காய்க்கும் பொரியலுக்கோ கூட்டுக்கோ எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு.

மண்ணிலிருந்து ஏறுகிற உப்புக்கு எந்தக் காய்க்கு எவ்வளவு என்று தெரியாது.

பகலில் அவள் உப்பு மூட்டை கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் பாதி வேலையில் சொல்லிக்கொண்டு திரும்பினாள். உச்சி நேரம். தெருவில் நாய்கூட இல்லை. ராஜவேல் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்பங்கரை ஜன்னலை நெருங்கும்போதே வாடை வந்தது. வேலை முடித்து வரும் பெண்களின் சட்டையில் அடிக்கும் அந்த வாடை. வியர்வையும் உப்பு நீரும் காய்ந்த வாடை.

பந்தலுக்குக் கீழே யாரோ குந்தியிருந்தார்கள்.

புடவை மேல் ஆம்பளைச் சட்டை. தலையில் துண்டு. முழங்கால் வரை வெள்ளையாக உப்பு படிந்த கால்கள். அவள் ஒரு சுரைக்காயைக் கையில் ஏந்தி, மற்றக் கையின் மூன்று விரல்களைக் குவித்து அதன் மேல் தூவினாள். கொதிக்கிற குழம்பில் போடுவது போல. நிறுத்தினாள். யோசித்தாள்.

இன்னும் கொஞ்சம் தூவினாள்.

விரலை நக்கிப் பார்த்து, தலையை ஒருக்களித்து, சரி என்பது போல ஆட்டினாள்.

மலர்கொடியின் கையிலிருந்து ஜன்னல் கதவு நழுவி அடித்தது.

உருவம் திரும்பியது.

துண்டுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில்தான் இருந்தது. உப்பளத்தில் பட்டுத் திரும்புகிற, கண்ணைக் குருடாக்கும் வெயில். மலர்கொடி கண்ணை மூடித் திறந்தபோது பந்தலடியில் யாரும் இல்லை. சுரைக்காய் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆராயியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"பூவும் பொட்டுமா போனவ. அவளுக்கு என்னிக்காவது படையல் போட்டீங்களா?"

போட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமை மலர்கொடி வீட்டைக் கழுவினாள். மஞ்சள் புடவை வாங்கி வைத்து, பூ சுற்றி, விளக்கேற்றி, இலை போட்டாள். ராஜவேல் பாயில் சாய்ந்தபடி அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நெற்றி தரையில் பட விழுந்து, அவனுக்குக் கேட்காத குரலில் கெஞ்சினாள்.

"அக்கா, உனக்கு அவர் மேல எவ்ளோ ஆசையோ எனக்கும் அவ்ளோதான். உப்பு ஆவாது அவருக்கு. செத்துடுவாரு. விட்டுடு."

காலையில் புடவை படையல் இடத்தில் இல்லை. கொல்லையில் பந்தல் மேல் விரித்துக் கிடந்தது. தொட்டால் மடங்கவில்லை. உப்பு ஏறி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அதற்குக் கீழே, முந்தின நாள் வரை பூவாக இருந்ததெல்லாம் காயாகத் தொங்கியது.

மலர்கொடி அரிவாளை எடுத்தாள். கொடிகளை அறுத்தாள். கத்திரிச் செடிகளை வேரோடு பிடுங்கினாள். தான் சுமந்த தண்ணீர், தான் சலித்த மண் என்று எதையும் பார்க்கவில்லை. சாக்குகளைக் கிழித்துக் கவிழ்த்தாள். கையெல்லாம் ரத்தம். கையில் அடங்கியதை வாரிக்கொண்டு போய் உப்பளக் கால்வாயில் போட்டுவிட்டு அடுத்த சுமைக்குத் திரும்பி வந்தபோது, எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்த ராஜவேல் கொல்லையில் இருந்தான்.

மண்டியிட்டு, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து பச்சைக் கத்திரிக்காயைக் கடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

அவள் பறித்தாள். அவன் அடுத்ததை எடுத்தான். அதையும் பறித்து அவன் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. குழந்தைக்கு விளக்குவது போல மெதுவாகச் சொன்னான்.

"நீ பட்டினி போடுற மலரு. அவதான் என் வாய்க்குப் பாத்துப் போடுறா."

அந்த வார்த்தையை அவளால் அதற்குப் பிறகு மறக்கவே முடியவில்லை. அன்று மாலையே வீட்டைப் பூட்டினாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அண்ணன் செல்லப்பன் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கடலும் இல்லை, உப்பளமும் இல்லை. சுற்றிலும் கரும்பும் மணிலாக் கொட்டையும். செல்லப்பன் ஒன்றும் கேட்காமல் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தான். கொல்லையில் நல்ல மண் சும்மா கிடக்கிறது, ஏதாவது போடேன் என்று ஒரு நாள் சொன்னான். மலர்கொடி வேண்டாம் என்று தலையாட்டினாள். காயைக் கடையில்தான் வாங்கினாள். வாங்கிய ஒவ்வொன்றையும் ஒரு துண்டு கடித்துப் பார்த்த பிறகே அடுப்பில் வைத்தாள்.

ராஜவேலின் கால் வீக்கம் வடிந்தது. பழையபடி இரண்டு வாய்தான் சாப்பிட்டான், ஆனால் சாப்பிட்டான். வாசல் வரை நடந்தான். செல்லப்பன் மகளோடு தாயம் ஆடினான். நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு முதல்முறையாக மலர்கொடியைப் பார்த்துச் சிரித்தாள். அன்று பஸ்ஸில் வரும்போது அவன் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போனாள். தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. என்னம்மா கொடுக்கிறாய் என்று நர்ஸ் கேட்டாள்.

மறுநாள் அண்ணன் வீட்டில் எல்லோரும் கழனிக்குப் போயிருந்தார்கள். கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள் தெருமுனையிலிருந்தே திரும்பினாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்து பின்கதவுக்கு வந்தாள்.

ராஜவேல் கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கைகள் மடியில் கிடந்தன. முன்னால் தட்டு இல்லை. செடி இல்லை. வெறும் தரை.

அவன் வாயைத் திறந்தான்.

மூடினான். மென்றான். தொண்டை ஏறி இறங்கியது.

"போதும் சுலோ. வயிறு ரொம்பிடிச்சி."

சற்று நேரம் எதையோ கேட்பவன் போலத் தலையைச் சாய்த்திருந்தான். பிறகு வெட்கத்தோடு சிரித்தான். மறுபடியும் வாயைத் திறந்தான்.

மலர்கொடி ஓடினாள். அவனுக்கும் அந்த வெறும் வெளிக்கும் நடுவில் போய் நின்றாள். அவன் கண்கள் அவளைத் தாண்டிப் பார்த்தன. அவள் முதுகுப் பக்கம் அனலாக இருந்தது. அவள் அவன் தலையை நெஞ்சோடு அணைத்து, வலது கையால் அவன் வாயை இறுக்கிப் பொத்தினாள். விரலிடுக்கில் காற்றுகூடப் போகாதபடி பொத்தினாள்.

"என்னாங்க, வேணாங்க. துப்பிடுங்க."

அவன் திமிறவில்லை. அசையாமல்தான் இருந்தான்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே, அவன் வாய் மென்றுகொண்டிருந்தது.