வாடாவல்லி

தூத்துக்குடியில் இப்போது எந்த மாடியிலும் செடி வாடுவதில்லை. தண்ணீர் ஊற்ற மறந்தாலும், உப்புக்காற்று அறைந்தாலும் கற்பூரவல்லியும் துளசியும் பச்சைப் பசேலென்று நிற்கும். வறட்சி செடியின் உயிரணுவை எட்டாமல் தடுக்கும் தாகக்காப்பு மரபணுவை உருவாக்கியவள் ஜசிந்தா. பழைய ரகங்களை வளர்க்க ஆளில்லை. வாடிய இலை எப்படியிருக்கும் என்பதையே ஊர் மறந்துபோயிருந்தது.

அந்தக் கோடையில் உப்பளப் புழுதியோடு ஒரு நெஞ்சுநோய் பரவியது. மாத்திரைக்கு அடங்காத அதைக் கற்பூரவல்லி எண்ணெய் அடக்கும் என்றார்கள் மருத்துவர்கள். ஜசிந்தாவின் கணவன் ரொசாரியோவும் படுத்துவிட்டான். கொத்துக் கொத்தாக இலையைப் பறித்துச் சாறு கொடுத்தாள். இருமல் குறையவேயில்லை.

ஆய்வகத்தில் ஓர் இலையைக் கசக்கி, எண்ணெயின் மணத்தை அளக்கும் மணமானியில் வைத்தாள். முள் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயிலிலும் தாகத்திலும் தவிக்கும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பதுதான் அந்த எண்ணெய். தவிக்கவே தெரியாத செடி எதற்குச் சுரக்க வேண்டும்?

இரவு பகலாக உழைத்து, தாகக்காப்பை முடக்கும் தெளிப்புநீர் ஒன்றைத் தயாரித்தாள். வீடு வீடாகக் கொடுத்தார்கள். தெளித்துவிட்டுச் சில நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும்.

ஆனால் எந்த வீட்டு இலையிலும் எண்ணெய் ஏறவில்லை. குழம்பிப்போய் வீடு திரும்பியவள் மாடியில் ரொசாரியோவைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து மூச்சு வாங்கியபடி, செம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன செய்றீங்க? அது உங்க மருந்துங்க!”

“தெரியும் ஜசி. தலையத் தொங்கப்போட்டு நிக்குல்லா. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்க?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து மாடிகளிலும் செம்பும் குடமுமாக ஆட்கள். எதிர்வீட்டுப் பெண் அழுதுகொண்டே ஊற்றினாள். அவள் பிள்ளை உள்ளே இருமிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஊருக்கு வெளியே சன்னல் இல்லாத கூடங்கள் கட்டினார்கள். செடிகள் அங்கே விளக்குச் சூட்டில் வாடின. எண்ணெய் ஊறியது. ஊர் பிழைத்தது. வேலைக்கு வந்தவர்கள்தான் நிலைக்கவில்லை. “கண்ண மூடினா அதுதான் வருது மேடம்” என்று ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். ஜசிந்தா மட்டும் போய்வந்தாள். சுருண்ட இலைகளுக்கு நடுவே, குழாயைத் தொடாமல், நாள் முழுக்க நின்றாள்.

ரொசாரியோ தேறிவிட்டான். மாலையில் அவள் வந்ததும் மறக்காமல் கேட்பான்.

“அங்க செடியெல்லாம் நல்லாருக்கா?”

“நல்லாருக்குங்க” என்பாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவனும் அதற்குமேல் கேட்பதில்லை.