தண்ணிக்கடியில் பெரட்டு

டேம் கரைக்கு அவர்கள் மூன்று பேரும் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணி. அதில் இரண்டு பேர் மீன் பிடிக்க வந்திருந்தார்கள். மூன்றாவது ஆளான விஜேந்திரன், தனக்குப் பயமில்லை என்று காட்டுவதற்காக வந்திருந்தான்.

ஏற்பாடெல்லாம் தனுஷனுடையது. கொழும்பில் புடவைக் கடையில் துணி மடிக்கிறவன். தீபாவளி லீவுக்கு ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இரண்டு தூண்டிலும் ஒரு போத்தல் சாராயமும் வாங்கிக்கொண்டுதான் தோட்டத்துக்கு ஏறினான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் இருந்து மீன் பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய ரொம்ப நாள் ஆசை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிரதாப் வள்ளத்தையும் தங்கூஸ் வலையையும் இரவல் வாங்கிவிட்டான். விஜேந்திரனை மட்டும்தான் கிளப்ப முடியவில்லை.

"என்னா விஜி, மச்சான் போன தண்ணின்னு பயமா?" என்று தனுஷன் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

அதற்குப் பிறகு வராமல் இருக்க முடியுமா?

மச்சான் என்பது மூக்கன். விஜேந்திரனின் மனைவி ஜீவராணிக்குக் கூடப் பிறந்த அண்ணன். போன வருஷம் இதே ஐப்பசியில், இதே டேமில், விஜேந்திரனோடு வலை போடப் போனவர் திரும்பவில்லை. வலையை இழுக்கும்போது கால் தவறி விழுந்துவிட்டார், இருட்டில் தேடித் தேடிப் பார்த்தேன் என்று விஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சுழியோடிகள் மூன்று நாள் தேடினார்கள். இடுப்பில் கட்டியிருந்த சாரம்கூடக் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததால் ஜீவராணி கருமாதி செய்யவும் சம்மதிக்கவில்லை. அண்ணன் எங்கேயாவது கரையேறியிருக்கும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றபடி புருஷன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

கால் தவறி விழுந்தது உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விஜேந்திரன் யாருக்கும் சொல்லவில்லை.

விழுந்த மூக்கன் வள்ளத்தின் விளிம்பை ஒரு கையால் பிடித்துத் தொங்கினார். வள்ளம் சாய்ந்தது. விஜேந்திரனுக்கு நீந்தத் தெரியாது. துடுப்பை எடுத்து அந்த விரல்களின் மேல் அடித்தான். முதல் அடி பயத்தில் விழுந்தது. அடுத்த மூன்று அடிகளும் பயத்தில் விழவில்லை. குடித்துவிட்டு ஜீவராணி மேல் கை நீட்டியதற்காக அவனை முழு லயமும் பார்க்க இரண்டு தடவை அறைந்த கை அது.

ஜீவராணிக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை. யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து போய் ஒரு பீடி பற்றவைத்துக்கொள்வான். ஒரு வருஷத்தில் பீடி செலவு ஏகத்துக்கும் கூடியிருந்தது.

வள்ளம் நடு டேமுக்குப் போனபோது மலை இருட்டிவிட்டது. எதிர்க்கரை லயங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் அவிந்தன.

"நமக்கு நேர் கீழதான் தோட்டத்தோட பழைய கீழ்ப் பிரிவு" என்றான் பிரதாப், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு. "டேம் கட்டினப்ப லயம், கோயில், காலைல பேர் கூப்புடுற பெரட்டுக்களம் எல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு. இந்தத் தண்ணில செத்தவங்க அம்புட்டுப் பேரும் அந்தப் பிரிவு செக்ரோல் பேர்ப் புஸ்தகத்துலதான் இருக்காங்களாம். விடியக்காலம் தப்பு அடிச்சுப் பேர் கூப்புடுவாங்களாம்."

"செத்தும் பெரட்டா?" என்றான் தனுஷன். "சங்கத்துல சொல்லிப் பாக்கலையா?"

"சிரிக்காதடா. அந்தப் பெரட்டுக்குப் பயந்துதான் ஒருத்தரும் கரையேறுறதில்லையாம். பேர் கூப்புடுறப்ப ஆள் அங்க நிக்கணும்ல?"

"வலையைப் போடுங்கடா" என்றான் விஜேந்திரன்.

வலையைப் போட்டார்கள். ரொட்டியும் கட்டாச் சம்பலும் சாப்பிட்டார்கள். போத்தல் காலியானது. தனுஷன் தூண்டிலில் கையகல ஜப்பான் மீன் ஒன்று மாட்டியது. அதைக் கையில் பிடித்து அவன் எடுத்துக்கொண்ட படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் திமிங்கிலம் என்றுதான் நினைக்கத் தோன்றும். பிறகு மூவரும் சுருண்டு கண்ணயர்ந்தார்கள்.

விஜேந்திரன் விழித்தது ஒரு வாசனையில்.

நனைந்த கம்பளி வாசனை. மழைக்குக் கம்பளி போர்த்திக் கொழுந்து எடுத்த காலம் போய் எத்தனையோ வருஷமாகிறது. இப்போது எல்லாருக்கும் பிளாஸ்டிக் படங்குதான். ஆனாலும் நூறு கம்பளிகளை நனைத்துப் பக்கத்தில் பரப்பி வைத்த மாதிரி அந்த வாசனை தண்ணீரின் மேல் நின்றது.

பனி மிக அடர்த்தியாக இருந்தது. தன் முழங்காலே அவனுக்குத் தெரியவில்லை. தவளைகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

டம்.

சத்தம் காதுக்கு வரவில்லை. வள்ளத்தின் அடிப்பலகை வழியாக அவன் இடுப்பெலும்புக்கு வந்தது.

டம். டம். டம்.

பிரதாப் எழுந்து உட்கார்ந்திருந்தான். "தப்பு" என்றான், உதடு மட்டும் அசைய. தனுஷன் ஃபோன் வெளிச்சத்தைப் போட்டான். வெளிச்சம் ஒரு முழம் போய்ப் பனியில் முட்டி நின்றது.

"அதை அமத்துடா!" என்றான் பிரதாப்.

தப்பு நின்றது. கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அலுத்துப்போன, தடித்த, எந்தத் தோட்டத்திலும் காலையில் கேட்கிற சாதாரணக் குரல்.

"காளியாயி."

"இருக்கேங்க." வள்ளத்துக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளி, ஒரு கிழவியின் குரல்.

"சண்முகவடிவு."

"இருக்கேங்க." இது வலப்பக்கம். இன்னும் கிட்டத்தில்.

தனுஷன் தன் சட்டைக் கொலரை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சுற்றிலும், பனிக்குள், பதில்கள் வந்தன. சில பதில்கள் வாயில் தண்ணீரோடு வந்தன.

பிறகு,

"மூக்கன்."

பதில் இல்லை.

வள்ளம் மெல்லச் சாய்ந்தது. விஜேந்திரன் உட்கார்ந்திருந்த பக்கம் நாலு விரல் அளவு தண்ணீரை நோக்கி இறங்கி, அப்படியே நின்றது. யாரோ வெளியிலிருந்து விளிம்பைப் பிடித்த மாதிரி. அந்தச் சாய்வை அவனுக்குத் தெரியும்.

ஆள் இங்கேதான் இருக்கிறார். இருந்துகொண்டே வாய் திறக்காமல் இருக்கிறார்.

"மூக்கன்."

பனி. கம்பளி வாசனை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மூக்கன் உயிரோடு இருந்தபோது பெரட்டுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவரில்லை. பதினொரு வருஷம், மழையோ வெயிலோ, அவர் பெயரைக் கூப்பிடும்போது வரிசையில் நின்று பதில் சொன்னது தங்கச்சி புருஷன்தான். மூன்றாவது தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் மூன்றாவது கூப்பாட்டில் விஜேந்திரனின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மனசு அந்த நேரம் எங்கே இருந்தாலும் சரி.

"மூக்கன்!"

"பின்னாடி வர்றாருங்க!"

சொன்ன பிறகுதான் அது தன்னுடைய குரல் என்று அவனுக்குத் தெரிந்தது.

டேம் முழுக்க மூச்சடங்கியது.

"ம்" என்றது கீழேயிருந்த குரல். அடுத்த பெயருக்குப் போனது.

வள்ளத்தின் விளிம்பு மெல்ல மேலே வந்தது. யாரோ கையை எடுத்துவிட்டார்கள்.

"என்னாடா சொன்ன?" என்று பிரதாப் அவன் கையைப் பிடித்தான்.

"வாயில வந்துருச்சுடா... பழக்கத்துல..."

"அடப்பாவி! ஆள் இருக்காருன்னு சாட்சி சொல்லிட்டியே! ஒரு வருஷமா அந்த மனுசனை அந்தப் பெரட்டுதான் தண்ணிக்குள்ள கட்டி வெச்சிருந்துச்சு. நீ லீவு வாங்கிக் குடுத்துட்ட!"

அப்போது கரைப் பக்கம் சளப் என்று ஒரு சத்தம். தண்ணீரிலிருந்து ஓர் ஆள் நடந்து ஏறுகிற சத்தம். பிறகு ஈரக் கால்கள் கல்லின் மேல் பதிந்தன. மெதுவாக. அவசரமில்லாமல்.

அவை வள்ளத்தின் பக்கம் வரவில்லை. மேலே, லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஏறின.

விஜேந்திரனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மச்சான் தன்னைத் தேடி வரவில்லை. தங்கச்சியைப் பார்க்கப் போகிறார்.

"துடுப்பை வலிங்கடா!" என்று கத்தினான். வலையை அறுத்துவிட்டு வலித்தார்கள். வள்ளம் கரை தட்டுவதற்கு முன்னமே குதித்து, தேயிலைக்குள் புகுந்து ஓடினான். ஒரு மைல் ஏற்றம். தேயிலை வாதுகள் தொடையைக் கிழித்தன. ஒவ்வொரு வளைவிலும், அடுத்த வளைவுக்கு அப்பால், அந்த ஈரக் கால்கள் ஒரே சீராகக் கேட்டன. எவ்வளவு ஓடினாலும் ஒரு வளைவு தூரம் குறையவில்லை. பின்னால் வருகிறார் என்று சாட்சி சொன்னால் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். மூக்கன் எந்தக் காலத்திலும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டவரில்லை.

லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது.

ஜீவராணி அடுப்படியில் குந்தியிருந்தாள். பக்கத்தில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள். ஒன்றில் ஆவி பறந்தது. மற்றது காலி. காலிக் கோப்பைக்கு எதிரில், சிமெந்துத் தரையில், ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்த அளவுக்குத் தண்ணீர்.

"அண்ணன் இப்பத்தான் எந்திரிச்சுப் போச்சு" என்றாள்.

விஜேந்திரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "என்னா... என்னா சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. தேத்தண்ணி குடிச்சுச்சு. கையைக் காட்டுச்சு."

அடுப்பில் விறகு வெடித்தது.

"நாலு விரலும் நசுங்கியிருந்துச்சுங்க. கால் தவறி விழுந்த மனுசனுக்கு விரல் ஏன் நசுங்குது?"

"கல்லு... கல்லுல பட்டிருக்கும் புள்ள. அடில பழைய லயத்துச் சொவரு..."

"உங்க கையில என்னா இருந்துச்சு அப்ப?"

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஒரு வருஷமாக அவன் போகாமல் வைத்திருந்த இடத்துக்கு அவள் ஒரே எட்டில் போய் நின்றாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கொழுந்து மலையில் முற்றின இலையைப் பொறுக்கி எறிகிற முகம் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது.

கீழே, தூரத்தில்,

டம். டம். டம்.

"விஜேந்திரன்."

மேட்டு லயத்துக்கு டேமிலிருந்து சாதாரணமாக எந்தச் சத்தமும் ஏறி வராது. இது வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி வந்தது.

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"விஜேந்திரன்."

உள்ளங்கையைக் கடித்தான். இரத்தம் உப்புக் கரித்தது. இன்னும் ஒரே ஒரு தடவை. பதில் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஜீவராணியைப் பார்த்தான். தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

ஜீவராணி எழுந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பனிக்குள் பார்த்து நின்றாள்.

"விஜேந்திரன்!"

"இருக்காருங்க" என்றாள் ஜீவராணி, தெளிவாக. "பின்னாடி வர்றாரு."

"ம்" என்றது குரல்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. சேவல் கூவியது, விடிந்தது. விஜேந்திரன் வேலைக்குப் போனான். தனுஷன் காலை முதல் பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய்விட்டான். பிரதாப் அறுந்த வலைக்குக் கதை சொல்லிச் சமாளித்தான். மூக்கன் திரும்பி வரவில்லை. ஜீவராணி பதினாறு நாளும் கணக்குப் பார்த்துக் கருமாதி செய்து முடித்தாள். புருஷனிடம் சண்டை சச்சரவு கிடையாது. நேரத்துக்குச் சோறு போடுகிறாள்.

பாய் விஷயம் மட்டும்தான்.

அடுத்த நாள் விடிய எழுந்தபோது விஜேந்திரனின் பாய் கால்மாட்டில் நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று தகரத்தை மாற்றினான். மறுநாள் கணுக்கால் வரை நனைந்தது. பாயை நடு வீட்டுக்கு மாற்றினான். கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கித் தலைமாட்டில் வைத்தான். பழம் காய்ந்தது, பாய் காயவில்லை. கினிகத்தேனையில் சித்தப்பா வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினான். அங்கே மெத்தை. மூன்று நாள் காலையிலும் மெத்தையைப் பார்த்த சித்தப்பா, வயசுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற வீடு என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பக்கத்தில் விரித்த ஜீவராணியின் பாயில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தினமும் எழுந்ததும் அவன் பாயை அவள்தான் எடுத்துப் போய் வாசல் கம்பியில் போட்டு உதறுகிறாள். அடுத்த வீட்டு மீனம்மா கேட்டால், மழை என்கிறாள். மழை இல்லாத நாளிலும் அதையேதான் சொல்கிறாள்.

ஈரம் அவசரப்படவில்லை. நாளுக்கு நாலு விரல் அளவுதான் ஏறுகிறது. போன கிழமை முழங்கால். வெள்ளிக்கிழமை இடுப்பு. அவன் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தான். உட்கார்ந்தால் முதுகு சாய்ந்த சுவர் நனைகிறது.

நேற்று கழுத்தடி.

இன்று காலை ஜீவராணி பாயைச் சுருட்டாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தலையணையின் கீழ்ப்பாதி ஊறியிருந்தது. அவன் தாடையிலிருந்து கம்பளி வாசனையோடு ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னைக்கு உங்களுக்கு உசந்த தலையணையாப் போடவா?" என்று கேட்டாள்.